ஜனவரிக்காரனின் காதில் ஒரு பென்சில்

ஒரு கோட்டையின் யோக்கியதை அதைக் கட்டியவனுக்குத் தெரியாது, அதில் அதிகாரம் பண்ணியவனுக்கும் தெரியாது. பெருக்கித் துடைக்கிறவளுக்குத்தான் தெரியும். டலார்ன் கோட்டையை முப்பத்தைந்து வருஷமாகப் பெருக்கித் துடைப்பவள் நான், எல்ஸ்பெத் ரிடொக். வெளியே நின்று பார்க்கிறவர்கள் ஐந்து மாடி உயரத்தையும், மூலைக்கு மூலை தொங்கும் குட்டிக் கோபுரங்களையும், ரோஜா நிறச் சுண்ணாம்புப் பூச்சையும் பார்த்து ஆகா ஓகோ என்பார்கள். உள்ளே தொண்ணூற்று நாலு படி. ஒவ்வொன்றும் ஒரு தினுசு உயரம். வாக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுழல் படிக்கட்டில் ஒரு தரம் ஏறிப் பாருங்கள். கட்டியவனைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உச்சி மாடியில் இருப்பது மாதங்களின் அறை. ஆயிரத்து அறுநூற்று எட்டில் ஒரு கல்யாணத்துக்காக அலங்கரித்த படுக்கையறை. கூரையில் கருவாலி உத்தரங்கள், அவற்றுக்கு இடையே உள்ள பலகைகளில் பன்னிரண்டு மாதங்களும் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கும். ஏப்ரலில் விதைக்கிறவன், மே மாதத்தில் பூப்பறிக்கிறவள், செப்டம்பரில் கதிர் அறுக்கிற பெண், நவம்பரில் பன்றி அடிக்கிறவன். கணப்புக்கு நேர் மேலே ஜனவரி. ஒரு காலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை நெருப்பில் காட்டிக்கொண்டிருப்பான் ஓர் ஆள்.

அந்த ஜனவரிக்காரனின் முகம் என் வீட்டுக்காரர் இன்னிஸின் முகம். இது வெகுகாலம் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்திருந்த விஷயம். ஒருவர் இன்னிஸ். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

எண்பத்தேழாம் வருஷம் நடந்தது அது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புது விளக்குமாறு நன்றாகப் பெருக்கும் என்பார்களே, அந்த ஜாதி நான். எங்கள் பக்கத்தில் வருஷம் பிறப்பதற்குள் வீடு பளபளவென்று ஆகிவிட வேண்டும். வருஷக் கடைசி நாளான ஹாக்மனேயில் அடுப்பில் ஒரு சிட்டிகை பழைய சாம்பல் இருந்தாலும், வரப்போகிற வருஷம் முழுவதும் அது நம் தலையில் விழும். அப்போதைய லேர்ட், கோட்டைக்குச் சொந்தக்காரர், ஒரு கிழட்டுக் கர்னல். அவர் எடின்பரோவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் தரையிலிருந்து கூரை வரை தேய்த்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கணப்புக்கு மேலே இருந்ததால் ஜனவரிக்காரன் முகமெல்லாம் ஒரே கரி. ஏணி போட்டேன். வெந்நீரில் சோப்பைக் கரைத்துத் துணியை நனைத்து ஒரே ஒரு இழுப்பு.

அந்தக் காலத்து ஓவியர்கள் வர்ணத்தைத் தோல்பசையில் குழைத்துத் தீட்டியவர்கள், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கிட்டத்தட்ட முந்நூற்று எண்பது வருஷத்து ஜனவரி என் மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வழியாக வழிந்து, ஏணியில் சொட்டியது. பதறிப்போய், பரவியதையும் துடைத்தேன். மிச்சமும் போயிற்று. கழுத்துக்கு மேலே வெறும் பலகை.

ஜன்னல் கதவுகளைச் சரி செய்ய இன்னிஸ் அந்த வாரம் வந்திருந்தார். கோட்டைக்கும் பண்ணைக்கும் அவர்தான் தச்சர். என் அழுகைச் சத்தம் கேட்டு மேலே வந்தவர் கூரையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அழாத. மொதல்ல ஏணியிலேருந்து எறங்கு."

"வேலை போச்சு இன்னிஸ். ஜெயில்லதான் போடப் போறாங்க."

"கோட்டைக்கு அடியில கெணறு மாதிரி தோண்டின ஜெயில் எரநூறு வருஷமா காலியாத்தான் கெடக்கு. எலியெல்லாம் உனக்காகப் பாய் விரிச்சு வச்சிருக்கும். மூக்கைத் தொடை. ஸ்கூல்ல படம் வரைஞ்சு பரிசு வாங்குனேன்னு கல்யாணமான நாள்லேருந்து பீத்திக்கிறியே, இப்ப வரை பாப்போம்."

"எப்படி இருந்தான்னே ஞாபகம் இல்லையே. யாரு அண்ணாந்து பாத்தா?"

"எம் மூஞ்சியப் போடு. அடுப்பாண்ட கால நீட்டி ஒக்கார்றதுல நான் எவனுக்கும் சளைச்சவன் இல்ல."

பட்டறையில் மரம் ஒட்டக் காய்ச்சும் தோல்பசை இருந்தது. அந்தப் பசைச் சட்டியைத் தூக்கி வந்தார். கரி, காவி, கொஞ்சம் சிவப்புப் பொடி, சுண்ணாம்பு. கரிவாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு, அணைந்த கணப்பின் முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். நான் ஏணியில் நின்றபடி வரைந்தேன்.

அவர் காதில் பென்சில் இருந்தது. எப்போதும் இருக்கும். தச்சர்கள் வைத்திருக்கிற பட்டையான சிவப்புப் பென்சில். சர்ச்சில் எனக்கு மோதிரம் போட்டபோதுகூட அது காதில்தான் இருந்தது, பாதிரியார் சொல்லித்தான் எடுத்தார். கண்ணால் பார்ப்பதை வரைகிறவள் நான், பென்சிலையும் வரைந்துவிட்டேன். ஆயிரத்து அறுநூற்று எட்டில் எவன் காதில் சிவப்புப் பென்சில் இருந்திருக்கும் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்க மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் கணப்புப் புகை ஏறி எல்லாம் ஒரே பழுப்பாகிவிட்டது.

கர்னல் ஜனவரி இரண்டாம் தேதி வந்தார். அந்த அறையில்தான் அவர் படுப்பது; படுத்தபடி மேலே பார்த்தார். "இவன் இவ்வளவு கள்ளப் பார்வை பாக்கிறவன்னு நான் கவனிச்சதே இல்லையே," என்றார். அப்புறம் விஸ்கி கேட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

கர்னலுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு கோட்டை ஓர் அறக்கட்டளைக்குப் போனது, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குச் சுற்றிக்காட்ட வந்தவன் டூகல் ஸ்கீன். பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், இன்னிஸுக்குக் கூட்டாளி. நாக்கில் எலும்பில்லை என்பதை டூகல் மாதிரி பயன்படுத்திக்கொண்டவன் கிடையாது. வந்த முதல் கோடையிலேயே ஜனவரிக்காரனுக்கு ஒரு ஜாதகம் எழுதிவிட்டான். "காதைக் கவனியுங்க. வாத்திறகுப் பேனா! இவன் சாதாரணக் குடியானவன் இல்ல, இந்தக் கோட்டையோட எழுத்தன்." கோட்டையைப் பற்றி டிக்கெட்டோடு விற்கிற புத்தகத்திலும் அது அச்சாகிவிட்டது. இன்னிஸ் அதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் சிரித்தார். "ஒரு கடுதாசி தப்பில்லாம எழுதத் தெரியாதவன் நான். என்னைப் போயி எழுத்தனாக்கிட்டானே, படுபாவி!"

அவருக்குப் போட்டோ என்றால் ஆகாது. கல்யாணப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். மற்றதில் எல்லாம் ஏதாவது பலகை மேல் குனிந்திருக்கும் முதுகுதான் தெரியும். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பது அந்தக் கூரை ஒன்றில்தான். தினமும் காலையில் முதலில் அந்த அறை ஜன்னலைத்தான் திறப்பேன். குளிருது, கோதுமை ரொட்டி தீர்ந்துவிட்டது, டூகல் இன்றைக்கும் உளறினான் என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். பைத்தியக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷத் தொடக்கத்தில் கூரை ஓடு பிசகி மழை உள்ளே ஒழுகியது. ஏழு மாதங்களின் முகம் கலங்கிப்போயிற்று. ஜனவரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சரி செய்ய நவம்பரில், கோட்டையை மூடிய பிறகு, எடின்பரோவிலிருந்து மோர்வென் கெடிஸ் வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயசு, ஒல்லியான பெண், எந்நேரமும் மூக்கு ஒழுகும். வந்த அன்று சமையலறையில் அவளுக்கும் டூகலுக்கும் டீ ஊற்றினேன்.

"பழைய ரிப்பேர் ஏதாவது மேல இருந்தா என்ன செய்வீங்க?" என்று டூகல் கேட்டான்.

"நூறு வருஷத்துக்கு மேல ஆன ரிப்பேர்னா அதுவும் சரித்திரம்தான், விட்டுடுவோம். சமீபத்துல யாராவது கை வச்சிருந்தாங்கன்னா எடுத்துட வேண்டியதுதான்," என்றாள் அவள்.

"எல்ஸ்பெத், டீ தட்டுல வழியுது பாரு," என்றான் டூகல்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. சாரம் கட்டி, விளக்கு போட்டு, அந்தப் பெண் மல்லாந்து படுத்துக்கொண்டு பலகை பலகையாக மேய்ந்தாள். நான் டீ கொடுக்கும் சாக்கில் ஒரு நாளைக்கு நாலு தரம் தொண்ணூற்று நாலு படியும் ஏறினேன். அவள் டிசம்பர்ப் பலகையை முடித்துவிட்டு ஜனவரிக்கு வந்த அன்று டீத் தட்டோடு சாரத்துக்கு அடியிலேயே நின்றேன்.

"மிசஸ் ரிடொக், இவனைப் பாத்திருக்கீங்களா?" என்று மேலேயிருந்து கத்தினாள்.

"தெனமும் பாக்கிறேன்."

"இருக்கிறதுலயே இவன்தான் பிரமாதம். சரியான பசை, சரியான காவி, மேல எத்தனை கரி! மத்தவங்கள்ளாம் கட்டை மூஞ்சி. இவனைத் தீட்டினவன் இவனைப் பாத்துப் பாத்துத் தீட்டியிருக்கான். உயிரோட இருக்கான் இவன்!"

சந்தோஷத்தில் எனக்குக் காது சுட்டது. பொய் சொல்வானேன், ஸ்கூலில் பரிசு வாங்கியதைவிடப் பெருமையாக இருந்தது. இன்னிஸ் பிழைத்தார் என்று நினைத்தேன். அவர் பசைச் சட்டியே அவரைக் காப்பாற்றிவிட்டது. அன்று மாலை வெண்ணெய் பிஸ்கட் சுட்டு அந்தப் பெண்ணுக்கு ஒரு டப்பா நிறையக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து டீயோடு போனபோது அவள் மேஜையில் காகிதங்கள் பரப்பியிருந்தன. பலகையில் கை வைக்கும் முன் காகிதத்தில் வரைந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். செப்டம்பரில் கதிர் அறுக்கிற பெண்ணின் முகம் இருந்தது. அழகான பெண். மூக்கு மட்டும் நடுவில் உடைந்து இடது பக்கம் சாய்ந்திருந்தது.

அந்த மூக்கு எனக்குத் தெரியும். பதினெட்டு வயசில் பட்டறைக் கதவு இடித்து உடைந்த இன்னிஸின் மூக்கு. பக்கத்தில் பூப்பறிக்கிற மே மாதத்துக்காரி. அவளுக்கும் அதே மூக்கு, அதே கள்ளப் பார்வை.

"எப்படி இருக்கு?" என்றாள் மோர்வென். "கர்னல் கேமராவை உள்ள விட்டதே இல்லையாம். அப்புறம் எடுத்த படத்துல வெறும் கரிதான் தெரியுது. அதனால ஜனவரிதான் எனக்கு வழிகாட்டி. ஏழு முகத்தையும் இவன் சாயல்லயே சரி பண்ணிடலாம்னு இருக்கேன். திங்கக்கெழமை ஆரம்பிக்கிறேன்."

டீயை வைத்துவிட்டுக் கீழே வந்தேன். சமையலறையில் உட்கார்ந்து யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னிஸ் அங்கேயே இருப்பார், இன்னும் நானூறு வருஷம். போதாக்குறைக்கு ஏழு பிரதிகள் வேறு. எவளுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு பாக்கியம்? ஆனால் அந்தச் செப்டம்பர்ப் பெண்ணும் யாரோ ஒருத்திதானே. அவளையும் ஒருவன் பார்த்துத்தானே தீட்டியிருப்பான்? நான் ஒரு முகத்தைக் கழுவினேன், தெரியாமல் செய்தது. இன்னும் ஏழு முகம் போவதைப் பார்த்துக்கொண்டு பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தால் அது தெரிந்தே செய்வது. இன்னிஸ் இருந்திருந்தால் என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். அடுத்தவன் செய்த வேலையில் கை வைத்தால் அவருக்குக் கெட்ட கோபம் வரும்.

திங்கட்கிழமை காலை சாரத்தின் மேல் ஏறினேன். அறுபத்திரண்டு வயசில் அவள் பக்கத்தில் பலகையில் மல்லாந்து படுத்தேன். எண்பத்தேழுக்குப் பிறகு அத்தனை கிட்டத்தில் அவரை நான் பார்க்கவில்லை. ஒரு சாண் தூரம்.

"மிசஸ் ரிடொக்! என்ன ஆச்சு? கீழ விழுந்து வைக்கப் போறீங்க!"

"அவன் காதைக் கொஞ்சம் தொடைச்சுப் பாரு பொண்ணே."

"வாத்திறகையா?"

"தொடைச்சுப் பாரேன்."

பஞ்சு சுற்றிய குச்சியை உலர்வாகவே உருட்டி அவள் கரியை எடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு வந்தது. பட்டையான சிவப்பு, முனையில் சீவிய மரம், அதன் நுனியில் கருப்பு. அவள் குச்சி நின்றது.

"எந்த வாத்துக்கு இப்படி எறகு மொளைக்கும்?" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சோப்புத் தண்ணி, ஏணி, பசைச் சட்டி, கவிழ்த்துப் போட்ட கரிவாளி. பிறகு அவள் ஜனவரிக்காரனின் தாடைக்குக் கீழே ஓர் ஓரத்தை ஈரப் பஞ்சால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அடியில ஒண்ணுமே இல்ல. வெறும் மரம். ஒரு துளி மிச்சம் வைக்காம தொடைச்சிருக்கீங்க."

"அரைகொறை வேலை எனக்குப் பிடிக்காது."

அவள் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சளியா என்னவோ. "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள்.

"சொல்லாமத்தான் இருந்தேன். அந்தப் பொண்ணு மூக்கைப் பாத்தப்புறம் முடியல. ஒரு இன்னிஸோட மல்லுக்கட்டினதே என் ஆயுசுக்குப் போதும். எட்டுப் பேரை யாரு மேய்க்கிறது?"

அவள் அறிக்கை எழுதி அனுப்பினாள். பத்தாம் நாள் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. நடந்தது வருந்தத்தக்கது, மிசஸ் ரிடொக் தாமாகவே சொன்னது பாராட்டத்தக்கது, பிற்காலத்து முகம் பார்வையில் இருக்கக் கூடாது, அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. தொண்ணூற்று நாலு படி ஏற வேறு ஆள் கிடைக்க வேண்டுமே.

டூகல்தான் ருத்ர தாண்டவம் ஆடினான். "பதினெட்டு வருஷமா சொல்லிட்டிருக்கேனே! ஜப்பான்லேருந்து வந்தவன்கிட்டகூடச் சொன்னேனே! எறகுன்னு! எழுத்தன்னு!"

"உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"அது யாரு மூஞ்சின்னாவது சொல்லித் தொலை."

சொன்னேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "வெள்ளிக்கெழமை தவறாம பக்கத்துல ஒக்காந்து குடிச்சவன். தெனம் நாலு தடவை அண்ணாந்து பாத்திருக்கேன். எனக்கு அடையாளம் தெரியலையே எல்ஸ்பெத்," என்றான்.

"நீ எங்க மூஞ்சியப் பாத்த, எறகையில்ல பாத்த," என்றேன். திட்டத்தான் நினைத்தேன், குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

ஹாக்மனே அன்று மோர்வெனுக்குக் கடைசி நாள். ஏழு முகங்களும் முடிந்திருந்தன. பழைய கோடு எங்கே இருக்கிறதோ அதை மட்டும் பிடித்து, இல்லாத இடத்தை இல்லாததாகவே விட்டிருந்தாள். செப்டம்பர்ப் பெண்ணின் மூக்கு நேராக இருந்தது. ஜனவரியைத்தான் கடைசிக்கு வைத்திருந்தாள். நான் ஒரு வாளியில் வெந்நீரும் சுத்தமான துணியும் எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

"நானே தொடைக்கிறேன். வேற யாரும் தொட வேண்டாம்," என்றேன்.

அவள் வாளியைப் பார்த்து மிரண்டுபோனாள். "அதை மொதல்ல வெளிய வைங்க! தொடைக்கணும்னு யாரு சொன்னா? பார்வையில இருக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு."

வெங்காயத் தோல் போல மெல்லிய ஒரு காகிதத்தை எடுத்தாள். மர நிறம் ஏற்றி, முகத்தின் அளவுக்குச் சரியாக வெட்டியிருந்தாள். "எங்க தொழில்ல திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யக் கூடாது. இதை எப்ப வேணும்னாலும் ஒரு சேதாரமும் இல்லாம உரிச்சிடலாம். நாளைக்கே வேணாலும், முந்நூறு வருஷம் கழிச்சு வேணாலும். உள்ள அவர் பத்திரமா இருப்பார்."

மறுபடி சாரத்தில் ஏறிப் படுத்தேன். நெற்றி விளிம்பில் அவள் காகிதத்தைப் பிடித்தாள், கீழே இழுத்து ஒட்டும் வேலையை எனக்கு விட்டாள். ஒட்டுவதற்கு முன் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அவரும் பார்த்தார். ரொட்டி தீர்ந்துபோனதைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. "போர்த்திக்கிட்டுத் தூங்குங்க," என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணை நானே மூடியது அது இரண்டாவது தடவை.

கீழே இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தேன். முகமில்லாத ஓர் ஆள் நெருப்பில் கால் காட்டிக்கொண்டிருந்தான். முகம் முடிகிற இடத்தில், காதுக்கு மேலே, ஒரு சின்னச் சிவப்புக் கோடு நீட்டிக்கொண்டிருந்தது.

"பென்சில் வெளிய தெரியுதே பொண்ணே."

மோர்வென் தூரிகைகளைக் கழுவிக்கொண்டே, "கடுதாசியில முகம்னுதான் போட்டிருக்கு. பென்சில் முகத்துல சேராது," என்றாள்.

கணப்புச் சாம்பலை ஒரு சிட்டிகை விடாமல் அள்ளிக்கொண்டு வந்து தோட்டத்தில் கொட்டினேன்.

ஏப்ரலில் கோட்டையைத் திறந்தோம். முதல் கூட்டத்தை டூகல் மாதங்களின் அறைக்கு அழைத்து வந்தபோது நான் ஜன்னல் பக்கம் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எந்தக் கதையை அவிழ்த்துவிடப் போகிறானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஜனவரி," என்றான். "இவர் இந்தக் கோட்டையோட தச்சர். அந்தச் செவப்பா தெரியுறது அவர் பென்சில்."

கூட்டத்தில் ஓர் அம்மாள் கையைத் தூக்கினாள். "அவருக்கு ஏன் முகம் இல்ல?"

டூகல் என் பக்கம் திரும்பாமலே சொன்னான். "இருக்கும்மா. நமக்குத்தான் தெரியல."

இன்னிஸ் சரி செய்த ஜன்னல் கதவை நான் இன்னொரு தடவை துடைத்தேன்.